உதட்டுக்கு ஒரு புத்தகம்

ஹார்த்வெயிட், யார்க்‌ஷயர்
9 பிப்ரவரி 1987

மதிப்பிற்குரிய கடை நிர்வாகி அவர்களுக்கு,

உங்கள் தபால் பட்டியலில், பித்தளை வாத்தியப் பகுதியில், 'உதட்டு நெகிழ்ச்சிப் பயிற்சிகள்' என்ற தலைப்பின் கீழ் பதினோரு புத்தகங்கள் இருக்கின்றன. எதை வாங்குவதென்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நேரே 'எல்லா நிலையினருக்கும் உகந்தது' என்றுதான் போட்டிருக்கிறீர்கள்.

நான் கார்னெட் வாசிப்பவன். இருபத்தாறு வருடப் பழக்கம். எங்கள் ஊர் பேண்டில் முதல் நாற்காலி, முக்கியமான பகுதிகளெல்லாம் என்னுடையவை. சில காரணங்களால் இப்போதைக்கு வாசிப்பு நின்றிருக்கிறது. செப்டம்பரில் போட்டி. அதற்குள் உதட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். புத்தகம் ட்ரம்பெட்டுக்கு எழுதியதாக இருந்தாலும் சரி, கடினமாக இருந்தாலும் சரி.

தங்கள் உண்மையுள்ள,
டி. லம்ப்


மான்செஸ்டர்
13 பிப்ரவரி 1987

டெரெக்,

பட்டியலின் பின்னட்டையில் என் பெயர் அச்சாகியிருக்கிறது. 'விசாரணைகளுக்கு: நோரீன் சட்க்ளிஃப்.' நீ பார்த்திருப்பாய். பார்த்த பிறகுதான் 'கடை நிர்வாகி அவர்களுக்கு' என்று எழுதியிருப்பாய்.

அந்த 'எல்லா நிலையினருக்கும்' என்பது முதலாளி எழுதுவது. அப்படி ஒரு புத்தகம் கிடையாது. விசையைத் தொடாமல், மூச்சையும் உதட்டையும் மட்டும் வைத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது, பதினொன்றிலும் இதுதான் விஷயம். ஆனால் ஒன்று நடக்கக் கற்றுக்கொடுக்கும், இன்னொன்று ஏற்கெனவே ஓடுகிறவனை இன்னும் ஓடவைக்கும். மாற்றி வாங்கினால் உதடுதான் கெடும்.

அதனால் கேட்கிறேன். எவ்வளவு நாளாக வாசிக்கவில்லை? 'சில காரணங்கள்' என்றால் என்ன? பல்லா, உதடா, நெஞ்சா? இப்போது கீழ் ஸி சுரத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஜிக்கு நாக்கைத் தட்டாமல் போக முடிகிறதா? இதற்குப் பதில் இல்லாமல் நான் எதையும் அனுப்ப மாட்டேன். யார் கேட்டாலும் இதைத்தான் கேட்பேன்.

நோரீன்


ஹார்த்வெயிட்
22 பிப்ரவரி 1987

நோரீன்,

உன் பெயரைப் பார்த்தேன். கடிதத்தைக் கிழித்துக் கிழித்து நான்கு முறை எழுதினேன். அதை விடு.

நவம்பர் பதினெட்டாம் தேதி காலை. சவரம் செய்துவிட்டுக் கீழே வந்தேன். என் மனைவி ஐலீன் டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?"

"எப்படி வெச்சிருக்கேன்?"

"கோணலா. வெளையாடாத டெரெக், நல்லா இல்ல."

நான் விளையாடவில்லை. டீ குடித்தேன், வலது ஓரமாக வழிந்து சட்டையில் விழுந்தது. வலது கண் மூடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "பக்கவாதம் இல்ல, பயப்படாதீங்க. முகத்து நரம்பு வேலைநிறுத்தம் பண்ணுது" என்றார். எப்போது வேலைக்குத் திரும்பும் என்று கேட்டேன். "சிலருக்கு மூணு வாரம். சிலருக்கு ஒரு வருஷம்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். மூன்றாவதாக ஒன்று சொல்ல வாயெடுத்து நிறுத்தியது போலிருந்தது.

இப்போது கண் மூடுகிறது. வலது உதட்டைத் தொட்டால் தொடுவது தெரிகிறது, ஆனால் அது என்னுடையது என்று தெரியவில்லை. பல் டாக்டரிடம் போய் வந்த மாதிரி. வாத்தியத்தை வைத்தால் வலப்பக்கம் காற்று கசிகிறது. கீழ் ஸி வருகிறது. ஜிக்குப் போக முயன்றால் நடுவில் அறுந்துவிடுகிறது.

பேண்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கீத் இப்போது என் நாற்காலியில் உட்காருகிறான். "சும்மா சூடா வெச்சிருக்கேன் டெரெக்" என்கிறான்.

எனக்கு வருத்தம் வர வேண்டும். வரவில்லை. கார்ப்பெட் மில்லுக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். மூஞ்சி மாதிரியே மற்றதும் ஆகிவிட்டது. எந்தப் புத்தகம் என்று சொல்.

டெரெக்


மான்செஸ்டர்
15 மார்ச் 1987

டெரெக்,

தாமதமாகிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

பதினொன்றில் எட்டை உடனே ஒதுக்கிவிட்டேன். மூன்று மிஞ்சின. அந்த மூன்றில் எது என்று உட்கார்ந்து படித்துச் சொல்ல முடியவில்லை. தாளில் எல்லாமே சுலபமாகத்தான் தெரிகிறது. சோம்பிக் கிடக்கிற உதட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கடையில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பேரும் தினமும் வாசிக்கிறவர்கள், அவர்கள் உதடு இதற்கு உதவாது. என்னுடையது உதவும். பத்து வருடமாக நான் வாத்தியத்தைத் தொடவில்லை.

அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். இரண்டாவது விசை ஒட்டிக்கொண்டிருந்தது, எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்தேன். அப்புறம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் சரக்கறையில், ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான்கு நாள்.

சிவப்பு அட்டை. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் பக்கத்திலேயே வேகம் குறித்திருக்கிறது. ஆறாம் பக்கத்தில் உதட்டாலேயே இரண்டு சுரத்தை வேகமாக மாற்றி மாற்றி அதிரவிடச் சொல்கிறது. புத்தகம் முழுக்கத் தேடினேன், மூச்சு வாங்க ஒரு ஓய்வுக் குறி இல்லை. இரண்டாம் நாள் எனக்கு மேலுதடு வீங்கிவிட்டது.

நீல அட்டை. நல்ல புத்தகம், எழுதியவருக்குக் காது இருக்கிறது. பயிற்சி போலவே இல்லை, பாட்டு போல இருக்கிறது. அதுதான் ஆபத்து. நன்றாக இருப்பதால் நிறுத்த மனம் வராது. நிறுத்த வேண்டிய உதட்டுக்கு அது ஆகாது. அடுத்த வருடம் வாங்கிக்கொள்.

சாம்பல் நிறத்தில் ஒன்று, அட்டைகூட இல்லை, இரண்டு பின் அடித்த இருபத்து நான்கு பக்கம். பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள், வாங்குவதுமில்லை. முதல் ஐந்து பக்கமும் இரண்டே சுரம். கீழ் ஸி, ஜி. ஜி, கீழ் ஸி. பிறகு விசைகளை ஒவ்வொன்றாக இறக்கி அதையே திரும்ப. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அந்த வரி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஓய்வு அச்சிட்டிருக்கிறது. வாசித்த நேரம், வாத்தியத்தைக் கீழே வைத்த நேரம், இரண்டும் சமம். இதை எழுதியவருக்கு எப்போதோ உதடு போயிருக்க வேண்டும்.

சாம்பலை அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கம் மட்டும். நான்கு நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. காற்று கசிந்தால் கசியட்டும், வாத்தியத்தை உதட்டில் அழுத்தாதே. சிவப்பை வாங்காதே. செப்டம்பரை மறந்துவிடு.

நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். வாசித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வருமோ என்று கதவைத் தாழிட்டுக்கொண்டேன். கீழ் ஸி வந்தது. ஜி வந்தது. சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குள் போனேன்.

நோரீன்


ஹார்த்வெயிட்
14 ஜூன் 1987

நோரீன்,

ஏப்ரல் முழுக்க நீ சொன்னபடி செய்தேன். நாலு நிமிடம், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு. மே முதல் வாரம் ஜி அறுபடாமல் வந்தது. ஐலீன் அடுப்படியிலிருந்து, "அதே ரெண்டு சத்தத்த எத்தன நாளைக்குடா கேக்குறது" என்று கத்தினாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் கத்தினாள்.

பிறகு லீட்ஸுக்கு ஒரு வேலையாகப் போனவன் அங்கே ஒரு கடையில் சிவப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். வாங்கினேன். உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை, அது தப்பு என்று தெரிந்தேதான் வாங்கினேன். பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் விட் வெள்ளி அணிவகுப்புக்கு ஐந்து வாரம் இருந்தது. கீத் நாற்காலியை எத்தனை நாள் சூடாக வைத்திருப்பான்?

தினம் ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். ஆறாம் பக்கம் வரைக்கும் போனேன். கன்னம் தன்னால் இழுக்க ஆரம்பித்தது. பரவாயில்லை, உயிர் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் விட் வெள்ளி. இரண்டாவது ஊரில், தேவாலயத்துக்குக் கீழே உள்ள சரிவில், அணிவகுப்பின் நடுவில் என் உதடு நின்றுவிட்டது. சுரம் தப்பவில்லை, சத்தமே வரவில்லை. நான் விசையை மட்டும் அழுத்திக்கொண்டு நடந்தேன். தெருவோரத்தில் நின்ற ஜனங்களுக்குத் தெரியாது. ஆனால் ஆக்ராய்டுக்குத் தெரியும். முப்பது வருடமாக பேண்டை நடத்துகிறவர்.

அவர் பக்கத்தில் வந்து மெதுவாக, "டெரெக், போய் பஸ்ல உக்காரு" என்றார்.

"அடுத்த ஊர்ல சரியாயிடும்."

"உக்காருன்னு சொன்னேன்."

பஸ்ஸில் தனியாக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒவ்வொரு பேண்டாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாற்காலிக்கு நான் எப்படி வந்தேன் என்று யோசித்தேன். உனக்குத் தெரியாதென்று நினைக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

எழுபத்தாறு அக்டோபர். ஒத்திகை அறைக்கு வெளியே, இரும்புப் படிக்கட்டில் நீ வாந்தி எடுத்தாய். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். "டெரெக், யார்கிட்டயும் சொல்லாத. ஆலனுக்கே இன்னும் சொல்லல" என்றாய். சரி என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி. முதல் நாற்காலி உனக்கா எனக்கா என்று. உள்ளே போகும் முன் கமிட்டித் தலைவர் சிட் நெய்லர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "உண்மையச் சொல்லு, அவதான உன்னவிட நல்லா வாசிக்கிறா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான், "ஏப்ரல் போட்டிக்கு அவ இருக்க மாட்டா சிட். வயித்துல இருக்கு" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நீ வயிற்றுப்பிள்ளையை இழந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே நிறைய தடவை சொல்லிக்கொண்டேன்.

டெரெக்


மான்செஸ்டர்
19 ஜூன் 1987

திரு. டி. லம்ப் அவர்களுக்கு,

தங்கள் 14 ஜூன் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. அதில் ஆர்டர் எதுவும் இல்லை.

தபால் விற்பனைப் பிரிவு


ஹார்த்வெயிட்
11 அக்டோபர் 1987

நோரீன்,

உன் இரண்டு வரியை வைத்துக்கொண்டு கோடை முழுக்க இருந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதை நீ என் மூலம் கேள்விப்படுவதே சரி.

செப்டம்பர் போட்டிக்குக் கீத் வாசித்தான். நான்காவது இடம். நான் போகவில்லை. கன்னம் இழுப்பது குறைந்திருக்கிறது. சிவப்புப் புத்தகத்தைத் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை வருடாந்திரக் கூட்டம். கணக்கு வாசித்து முடிந்ததும் வேறு விஷயம் ஏதாவது உண்டா என்று சிட் கேட்டார். நான் எழுந்தேன். முழு பேண்டும் இருந்தது. படிக்கட்டில் நீ சொன்னதையும், நான் சிட்டிடம் சொன்னதையும் சொன்னேன். அந்த நாற்காலி நோரீன் சட்க்ளிஃபுடையது, நான் பத்து வருடம் அதில் உட்கார்ந்திருந்தது தவறு என்றேன்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த மார்ஜரி டீப் பாத்திரத்தின் குழாயை மூட மறந்துவிட்டாள். கடைசியில் ஆக்ராய்ட்தான், "இப்ப எதுக்குடா இதெல்லாம்?" என்றார். கோபமாக இல்லை, களைப்பாக.

சிட் எழுந்து, "தப்பு இவன் மேல மட்டும் இல்ல. நானும் கேட்டிருக்கக் கூடாது. கேட்டத வெச்சு ஓட்டுப் போட்டிருக்கவும் கூடாது" என்றார். உனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவதென்று தீர்மானம் போட்டார்கள். எல்லாக் கையும் தூக்கப்பட்டது. குறிப்பேட்டில் ஏறிவிட்டது. கடிதம் வரும்.

பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. என்னால் முடிந்தது இதுதான்.

டெரெக்


மான்செஸ்டர்
18 அக்டோபர் 1987

டெரெக்,

முதல் தடவை ஒருவரிடம் சொன்னாய். அவர் ஐந்து பேரிடம் சொன்னார். இந்தத் தடவை முழு பேண்டிடமும் நீயே சொல்லியிருக்கிறாய், டீ ஊற்ற வந்தவள் வரைக்கும். குறிப்பேட்டில் வேறு எழுதியாயிற்று. என் வயிறு இரண்டு தடவை உன் வாய் வழியாகத்தான் ஊருக்குள் போயிருக்கிறது. எழுந்து நிற்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

நீ கெட்டவன் என்று எழுத உட்கார்ந்தேன். அப்படி எழுத வரவில்லை. உன் மேல் கோபம் இருக்கிறதா என்று ஜூன் மாதத்திலிருந்து பார்க்கிறேன். இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. உன்னைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. இல்லாததை இல்லை என்கிறேன்.

உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று. எனக்கு ஜூனில் தெரியவரவில்லை. அப்போதே தெரியும். கமிட்டி கூடிய மறுநாள், மில் வாசல் பப்பில், கமிட்டி ஆள் ஒருவர் ஆலன் தோளைத் தட்டி, "வாழ்த்துக்கள்பா, அப்பாவாகப் போற" என்றிருக்கிறார். பப்பே சிரித்திருக்கிறது, புருஷனுக்கே தெரியவில்லையே என்று. ஆலன் வீட்டுக்கு வந்து, "ஊருக்கெல்லாம் தெரிஞ்சது எனக்குத்தான் கடைசியா?" என்றான். நான் சொன்னது உன்னிடம் மட்டும்தான். யார் மூலம் போனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆலன் அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை. எங்களுக்குள் மற்றதெல்லாம் பிறகு நடந்தது.

தெரிந்துதான் உனக்குப் புத்தகம் தேடினேன். ஏன் என்று கேட்காதே. ஒருவனுடைய உதடு போய்விட்டது, அவன் எந்தப் புத்தகம் என்று கேட்கிறான். அதற்கு எனக்குப் பதில் தெரியும். அவ்வளவுதான்.

இரண்டு. 'வயிற்றுப்பிள்ளையை இழந்தது' என்று எழுதியிருக்கிறாய். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது தப்பு. அவன் பிறந்தான். பிப்ரவரி பன்னிரண்டு, சனிக்கிழமை, ஏழாவது மாதம். இரண்டு நாள் இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், கையை உள்ளே விட ஒரு வட்ட ஓட்டை. இரண்டாம் நாள் நர்ஸ், "விரலக் கொடுங்க, புடிச்சுக்குவான்" என்றாள். பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தலைமுடி இருந்தது. ஆலன் பார்க்க வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அவன் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாள், என் நல்லதுக்காக. ஆலனும் எடுக்கவில்லை. பேண்டிலிருந்து பூ அனுப்பினார்கள், அட்டையில் 'சீக்கிரம் குணமடையுங்கள்' என்று இருந்தது. பத்து வருடத்தில் அவன் இருந்ததைப் பற்றி வாய் திறந்தவன் யாரென்று எண்ணிப் பார்த்தேன். நீ ஒருவன்தான். இரண்டு தடவையும் உனக்காகத்தான் திறந்தாய். ஆனாலும் நீ ஒருவன்தான்.

அவன் பெயர் டங்கன்.

ஆஸ்பத்திரிப் பாதிரியார் அந்தப் பெயர் வைத்தார், நான் சொல்லித்தான். இதை யாரிடமும் சொல்லாதே. சிட்டிடம், ஐலீனிடம், தேவாலயத்தில், எங்கேயும். நீ எழுந்து நின்று சொல்ல வேண்டிய விஷயம் இல்லை இது. உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியாமல் போனாலும் நான் கேள்விப்படப் போவதில்லை.

பேண்டின் மன்னிப்புக் கடிதம் எனக்கு வேண்டாம். அதை நிறுத்து.

சாம்பல் புத்தகத்தில் நான் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் நிறைய பேர் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். விடாதே. பதினோராம் பக்கத்தில்தான் அது ஏன் அப்படி மெதுவாகப் போனது என்று புரியும்.

நோரீன்


ஹார்த்வெயிட்
1 நவம்பர் 1987

நோரீன்,

கடிதத்தை நிறுத்திவிட்டேன். சிட் காரணம் கேட்டார். நோரீனுக்கு வேண்டாமாம் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜனவரியிலிருந்து மூன்றாம் கார்னெட் வரிசையில் கடைசி நாற்காலி தருவதாக ஆக்ராய்ட் சொல்லியிருக்கிறார். அங்கே மேல் சுரம் கிடையாது. சரி என்றுவிட்டேன். கீத் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறான், அவனுக்கு அது தேவையில்லை.

நான்காம் பக்கம் ஆரம்பித்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நானும் ஐலீனும் சாப்பாட்டு மேஜையில் இருந்தோம். நான் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"நோரீனா?"

"ஆமா."

"என்ன எழுதியிருக்கா?"

"புத்தகத்தப் பத்தி."

"அத்தன பக்கமுமா?"

"ஆமா" என்றேன். "எல்லாமே புத்தகத்தப் பத்திதான்."

டெரெக்